எழுத்தறிவிக்கும் கருவிகள்: நன்னூற் பொதுப்பாயிரத்தின் வழி ஒரு மதிப்பீடு

நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற் கூற்று என ஐந்து பொருளைப் பேசும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்ட இலக்கணம் செய்த பவணந்தியார்க்கு, நுவல்வோன் மக்களுள் ஒருவனே என்பதில் ஐயம் தோன்ற இடமே இருந்ததில்லை. இன்று நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் சுவரில் ஒளித்திரை இடம் பெற்றுள்ளது. ஆசிரியர் கையில் கைக்கணினி இருக்கிறது. பிள்ளை வீட்டிற்குச் சென்றால் தாயின் கைப்பேசியிலுள்ள செயலி அதனைப் படிக்கச் சொல்கிறது, படித்ததைக் கேட்கிறது, பிழை என்றோ சரி என்றோ தீர்ப்பும் கூறுகிறது. இஃது எவ்வகையைச் சேர்ந்தது? நூலா, நுவல்வோனா, அன்றி நுவலும் திறனின் ஒரு கூறா? இவ்வினாவிற்கு விடை காணாமலே கருவிகளைப் போற்றுவாரும் தூற்றுவாரும் நம்மிடையே மிகுந்துள்ளனர். நூலை நுவல்வோனாக மயங்கிக் கொள்வதே இருசாராரின் பிழைக்கும் மூலம் என்பது யாம் ஈண்டு நிறுவ முயலும் கருத்து.

இவ்வாராய்ச்சிக்கு மயிலத்தையும் அதனைச் சூழ்ந்த திண்டிவனம், மரக்காணம் பகுதிகளையும் களமாகக் கொண்டோம். மயிலம், திருமடத்தின் ஆதரவில் 1938-இல் தமிழ்க் கல்லூரி தோன்றிய ஊராதலின், எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் முறை பற்றிய வினாவை எழுப்புதற்கு ஏற்ற இடமே. அதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. தமிழகத்துத் தொடக்கக் கல்வியின் அண்மைக்கால வரலாற்றில் ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும் இரு நிகழ்ச்சிகள் இவ்விழுப்புரம் மாவட்டத்தில்தான் நிகழ்ந்தன.

முதலாவது, மரக்காணத்தை அடுத்த கந்தாட்டில் நிகழ்ந்தது. அவ்வூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு நடத்திய ஆசிரியை ஒருவர், தம் நகைகளை விற்ற பணத்தால் வகுப்பறையில் தொடுதிரைப் பலகையும் ஏனைய வசதிகளும் அமைத்தார் என 2017-இல் நாளேடுகள் எழுதின. இரண்டாவது, அதே மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் நிகழ்ந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்தபின், இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தை 2021 அக்டோபர் 27-ஆம் நாள் தமிழக முதலமைச்சர் அவ்வூரில் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய 2 இலட்சம் தன்னார்வலர், பெரும்பாலும் பெண்டிர், மாலைப் பொழுதில் தெருவிலும் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை இருத்திக் கற்பித்த திட்டம் அது. ஒன்றிற் கருவி முன்னின்றது. மற்றொன்றில் ஆள் முன்னின்றார். ஆயினும் அணுகிப் பார்ப்பின் இரண்டும் முரண்படவில்லை என்பது புலனாகும். அதனைப் பின்னர்க் காட்டுவாம்.

கருவிகள் வந்த வரலாற்றை நீட்டித்துரைத்தல் வேண்டா. 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடு அச்சாயிற்று. 2019 ஆகஸ்டு 26-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2022 ஜூன் மாதத்தில் எண்ணும் எழுத்தும் இயக்கம் முதல் மூன்று வகுப்புகட்கு வந்தது. அடுத்து 22,931 தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறையும், 79,723 ஆசிரியர்க்குக் கைக்கணினியும் என்னும் பெருந்திட்டம் அறிவிக்கப்பெற்றது. இவற்றுள் எதனையும் வேண்டா என்று சொல்வது எம் நோக்கமன்று. நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கிட்டுவது மயிலத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்கும் கிட்டுதல் வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருத்தற்கில்லை. ஆசிரியை ஒருவர் நகை விற்றுப் பெற்றதை அரசே தன் செலவில் தரும் நிலை வந்தது நன்றே. வந்தது என்ன செய்கிறது என்பதே ஆராயத்தக்கது.

எழுத்திலிருந்து தொடங்குவாம். எழுத்து என்னும் சொல் நம் இலக்கணத்தில் ஒலியையும் குறிக்கும், வரிவடிவையும் குறிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை இவ்விரண்டையும் ஒருங்கே கற்கிறது. கொ என்னும் ஒரே எழுத்தை எடுத்துக்கொள்க. ஒலியில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக நிற்கும். முதலில் க், அடுத்து ஒ. கை எழுதும்போதோ ஒற்றைக் கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் இறுதியிலும் வரும். கணினியின் ஒருங்குறியில் ககரம் முன்னும், கொம்பும் காலும் சேர்ந்த குறி பின்னுமாக அமையும். ஆக, ஓரெழுத்திற்கு மூன்று ஒழுங்குகள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாயால் ஒலிக்கும்போது முதலிரண்டு ஒழுங்கையும் பிள்ளை ஒரே நேரத்தில் கண்ணாலும் செவியாலும் கொள்கிறது. திரையில் அவ்வெழுத்து முழுமையாகத் தோன்றி ஒளிர்ந்து மறையுமாயின், எழுதும் ஒழுங்கு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வரைகோடு ஓடிக் காட்டும் செயலியே இவ்வகையில் ஏற்றது. தொடக்கப் பள்ளிக்குக் கருவி தேர்வார் முதலிற் பார்க்கவேண்டுவது இதுவே.

ஒருங்குறியில் மற்றொரு வியப்பும் உண்டு. இலக்கணத்தில் க் என்னும் மெய்யே அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்து ககர உயிர்மெய் ஆகும். ஒருங்குறியில் ககரத்திற்கு ஓர் எண். மெய்க்கோ அதனோடு புள்ளிக்குரிய எண்ணும் சேர்த்து இரண்டு. ஒலி நோக்கின் இது தலைகீழ். ஆயினும் வரிவடிவம் நோக்கின், மெய் புள்ளி பெறும் என்றும் உயிர்மெய்யாகும்போது அப்புள்ளி நீங்கும் என்றும் தொல்காப்பியர் கூறியதற்கு இது மாறன்று. இதனைக் கண்டு ஒருங்குறி செய்தோரைக் குறை கூறும் அறிஞர் சிலர் எழுத்தின் இரு பொருளையும் பிரித்து நோக்கினாரில்லை. எம் கவலை வேறு. உயர்வகுப்புகளிலும் வீடுகளிலும் தமிழை ஆங்கில எழுத்தால் தட்டிப் பெறும் பழக்கம் பரவியுள்ளது. அம்மா என எழுதுதற்கு ஆங்கில எழுத்துகளைத் தேடும் பிள்ளை, தமிழ் எழுத்தைப் பிறமொழி வழியே அடைகிறது. 1999-இல் வகுக்கப்பெற்ற தமிழ் 99 விசைப்பலகையிலோ ககர விசையை அடுத்து இகர விசையைத் தட்டினால் கி வரும். ககரத்தை இருமுறை தட்டினால் முதற்ககரம் தானே புள்ளி பெறும். உயிரும் மெய்யும் கூடும் நெறியை அப்பலகையே கற்பிக்கிறது. இலக்கண வகுப்பு செய்யத் தவறுவதை ஒரு விசைப்பலகை செய்யக்கூடுமாயின், அதனைத் தொடக்கப் பள்ளிக்கு வெளியே நிறுத்தி வைத்தல் என்ன நியாயம்?

இனி, விரலால் திரையிற் கோடு பற்றி வரையும் விளையாட்டு. சிறார்க்கென வரும் தமிழ்ச் செயலிகள் பலவற்றில் இதனைக் காணலாம். புள்ளியிட்ட வடிவின் மேல் பிள்ளை விரலை ஓட்டும். முடிந்தவுடன் மணி ஒலிக்கும், வண்ணப் பூக்கள் சிதறும். பிள்ளை எழுதக் கற்றுவிட்டது எனப் பெற்றோர் மகிழ்வர். 2012-இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சிலவெழுத்தைத் தாமே எழுதியும், சிலவற்றைத் தட்டியும், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தும் பழகினர். பின்னர் அவ்வெழுத்துகளைக் காட்டி மூளையின் செயலைப் படம் எடுத்தபோது, தாமே எழுதிப் பழகிய எழுத்தைக் கண்டபொழுதே, படிப்புக்குரிய பகுதிகள் விழித்தெழுந்தன. தட்டியதற்கோ கோட்டின் மேல் வரைந்ததற்கோ அவ்வாறு எழவில்லை. பிள்ளையின் கை தவறித் தவறி எழுதும் கோணல் எழுத்துக்குள்ளேதான் கற்றல் நிகழ்கிறது போலும். ஆங்கில எழுத்தில் நிகழ்த்திய இவ்வாய்வைத் தமிழுக்கு அப்படியே பொருத்தல் கூடாது என்பாரும் உளர். தமிழெழுத்தின் சுழியும் வளைவும் ஆங்கில எழுத்தினும் மிகுதியாகலின், கைப்பழக்கத்தின் தேவை இங்குக் குறைதற்கு வழியில்லை என்பது எம் கருத்து. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி எழுதிய முறை ஏழ்மையால் வந்தது என எண்ணுகிறோம். மணலில் வழிகாட்டும் புள்ளி இல்லை. தவறினால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். கண்ணாடித் திரைக்கு இல்லாத ஒரு சிறப்பும் அதற்கு உண்டு. அது விரலை எதிர்த்து நிற்கும்.

ஒலிக்கு வருவாம். ககரம் கல் என்பதில் ஒருவகையாகவும், அகம் என்பதில் வேறாகவும், தங்கம் என்பதில் மற்றொன்றாகவும் ஒலிக்கும். ஒரே எழுத்து, இடத்தால் ஒலி திரிகிறது. பிள்ளை இத்திரிபை இலக்கணமாகக் கற்பதில்லை. பேச்சாகவே அறிந்து வருகிறது. ஆகவே எழுத்தைத் தனித்தனியே ஒலித்துக் காட்டும் செயலி எவ்வளவு தெளிவாக ஒலித்தாலும், சொல்லுள் வைத்துக் காட்டாதவரை பாதி வேலையே செய்ததாகும். இவ்வகையில் கேட்பொறிக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஒரு நூலை ஒருகால் கேட்டவன் மீண்டும் கேட்பின் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்பின் முறையறிந்து உரைக்க வல்லனாவான் என்றும் நன்னூல் நுவலும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே சொல்லை மூன்றாம் முறை சொல்ல நேரும்போது ஆசிரியர் குரலில் சலிப்பு ஏறிவிடுகிறது. எம்மையும் சேர்த்தே சொல்கிறோம். விரைதலும் வெகுளலும் இன்றிக் கற்பிக்க வேண்டும் என்னும் இலக்கணத்தை, கருவி நம்மினும் நன்றாகக் காக்கிறது.

ஆயின் அது கேட்கத் தொடங்கும்போது சிக்கல் எழுகிறது. கூகுள் நிறுவனத்தின் ரீட் அலாங் என்னும் செயலியில் தியா என்னும் சித்திரப் பெண் பிள்ளை படிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லை எடுத்துக் கொடுப்பாள். நன்கு படித்தால் விண்மீன்கள் வழங்குவாள். இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இதனைக் கொண்டு 2022 ஜூன் 1 முதல் 12 வரை வாசிப்பு மாரத்தான் ஒன்று நடத்தப்பெற்றது. ஒன்றியங்கள் படித்த சொற்களின் எண்ணிக்கையால் தம்முள் போட்டியிட்டன. புத்தகம் இல்லாத வீட்டில் கதை வந்து சேர்ந்தது என்னும் அளவில் அது பாராட்டத்தக்கது. ஆனால் சொற்களை எண்ணுதல் வாசிப்பை அளத்தலாகுமா? வட மாவட்டப் பேச்சில் பழம் பயமாகும், கோழி கோயியாகும். அப்பிள்ளை கோழி என்னும் எழுத்தைக் கண்டு, அது முட்டையிடும் பறவை என அறிந்து, கோயி என வாய்விட்டுப் படித்தால் அது படிப்பா, பிழையா? ஒலிப்பு நோக்கின் பிழை. பொருள் நோக்கின் முழுமையான வாசிப்பு. இவ்விரண்டையும் ஒரு நொடியில் பிரித்தறிந்து, முன்னதை மெல்லத் திருத்திப் பின்னதைத் தட்டிக் கொடுப்பவரே ஆசிரியர். சரி, தவறு என இரண்டே விடை அறிந்த செவிக்கு அது கைவராது. மாறாக, பொருளறியாமல் ழகரத்தைத் திருத்தமாக ஒலித்துச் செல்லும் பிள்ளைக்கு விண்மீன் குவியும். கிளியை இடைமாணாக்கர்க்கு உவமையாக்கியவர் பவணந்தியார். நாமோ அதனைத் தலைமாணாக்கர் இருக்கையில் அமர்த்துகிறோம்.

சொல்லிலும் இதே நிலை. திரையில் ஒரு படம் தோன்றுகிறது. கீழே வேர்க்கடலை என எழுதியிருக்கிறது. மயிலத்துப் பிள்ளை அதனைக் கண்டவுடன் மல்லாட்டை என்கும். மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்த வரலாறு அச்சொல்லுள் அடங்கியுள்ளது. பிலிப்பைன் தீவின் தலைநகர் நம் உழவன் வாயில் ஏறிய கதை அது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதும், அங்கு உருவான நிலக்கடலை வகைகள் டி.எம்.வி. என இவ்வூர்ப் பெயராலேயே வழங்குவதும் இப்பயிருக்கும் இம்மண்ணுக்கும் உள்ள உறவைக் காட்டும். பிள்ளையின் தாயோ பாட்டியோ மல்லாட்டை பிடுங்கவும் உரிக்கவும் சென்று வருபவர். பயிரின் பூ மண்ணுக்குள் ஊசியாய் இறங்கிக் காயாவதைப் பிள்ளையே கண்டிருக்கும். இவ்வளவு அறிவையும் உடைய பிள்ளைக்கு முன் வந்த செயலி, மல்லாட்டை என்னும் விடையைத் தவறு எனச் சிவப்பிட்டுக் காட்டுமாயின், தன் வீட்டில் பேசுவது மொழியன்று என்னும் பாடத்தையே பிள்ளை முதற்கண் கற்கும். பாடநூலும் இதே பிழையைச் செய்கிறதே எனின், பாடநூல் வாய் திறந்து தவறு என்று சொல்வதில்லை. பிள்ளை மல்லாட்டை என்றவுடன், ஆம், அதனையே நூலில் வேர்க்கடலை என்பர் என ஆசிரியர் இரண்டையும் இணைத்துவிடுவார். தீர்ப்புக் கூறும் அதிகாரம் நூலுக்கு வந்தமையே புதிய இடர்.

இவ்விடத்தில் நன்னூலின் மற்றொரு கருத்து நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோலாகிறது. ஆசிரியன் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால்பங்கே. உடன் பயில்வாரோடு பழகின் மற்றொரு கால். தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் கைவரும் என்பது அதன் கருத்து. இக்கணக்கைக் கருவியின்மேல் வைத்துப் பார்க்க. பாடலைக் காட்டும் திரையும், கதை சொல்லும் செயலியும் எவ்வளவு திறமாக இயங்கினும் முதற் கால்பங்கிற்குள்ளேயே நிற்கின்றன. பிள்ளைக்கு ஒன்றாகக் கருவி தந்து தனித்தனியே அமர்த்தினால், இரண்டாம் கால் அறுபடும். எடுத்துரைக்கும் அரை முற்றும் போகும். பெரு நாட்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகட்கு மடிக்கணினிகளை மிகுதியாக வழங்கி, 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது, கணக்கிலோ மொழியிலோ தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிட்டவில்லை என 2012-இல் அறிவித்தனர். கருவி கெட்டது என்பது இதன் பொருளன்று; முக்காற் பங்கு கற்றல் நிகழும் இடத்திற்குக் கருவி செல்லவில்லை என்பதே.

எடுத்துரைக்கும் முறை நம் பள்ளிகட்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்துக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறார் இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், இந்நாட்டுச் சிறார் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணாக்கரைக் கொண்டே இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அமைத்து, 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்னும் பெயரால் பரவிற்று. சட்டாம்பிள்ளையின் பிரம்பை மீட்கவேண்டும் என்பார் யாருமிலர்; எடுத்துரைக்கும் அரைப்பங்கை மீட்கலாம். பின்னாளில், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 அளவில் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில், அட்டைகளும் ஏணிப்படியும் கொண்டு பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். மின்சாரம் வேண்டாத கருவி அது. எண்ணும் எழுத்தும் இயக்கத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளை நிலை பிரித்துக் கற்பிக்கும் முறைக்கும் அதற்கும் உறவு உண்டு.

இனி முன்னர் நிறுத்திய இரு நிகழ்ச்சிக்கும் மீள்வாம். கந்தாட்டு வகுப்பறை பற்றிய செய்திகளை ஊன்றிப் படிப்பார்க்கு ஓர் உண்மை தெரியவரும். அங்கு முதலில் வந்தது திரையன்று. ஒலிமுறையில் ஆங்கிலம் கற்பித்து, பிள்ளைகளைப் பேசவைத்து, அவர் பேசுவதைப் படம்பிடித்து இணையத்தில் இட்டார் அவ்வாசிரியை. நகையும் தொடுதிரையும் அதன் பின்னரே. பிள்ளை பார்வையாளனாக இருந்த திரையன்று அது. பிள்ளை எடுத்துரைத்ததை ஏந்திய திரை. ஏடுகள் விற்ற நகையைத் தலைப்பாக்கினவேயன்றி இதனைக் கண்டிலவே என்பது எமக்கு வருத்தம். முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டத்தின் பயனோ அளந்தறியப்பட்டுள்ளது. தமிழகச் சிற்றூர்ப் பிள்ளைகள் ஏறக்குறைய 19,000 பேரைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியலறிஞர் மூவர், பெருந்தொற்றால் நேர்ந்த கற்றல் இழப்பில் மூன்றில் இருபங்கு பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துள் மீண்டது என்றும், அம்மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கணித்தனர். அத்தன்னார்வலர் கையிலும் கைப்பேசி இருந்தது, செயலி இருந்தது. ஆயினும் பிள்ளையின் பெயரறிந்த அண்டைவீட்டுப் பெண் ஒருத்தி எதிரே அமர்ந்திருந்தாள்.

மறுப்பொன்று எழும். தில்லியில் மாலை மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருளால் நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பெருமுன்னேற்றம் கண்டதாக 2019-இல் வெளிவந்த ஆய்வு கூறவில்லையா என்பர். கூறியது, யாம் அதனை ஏற்கிறோம். அம்மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்நிலையில் நிற்கிறது என அறிந்து அந்நிலைக்குரிய வினாவைத் தந்தது. கொள்வோன் எவ்வளவு கொள்வான் என அறிந்து கொடுத்தல் நுவலும் திறனின் இன்றியமையாக் கூறு. ஆறாம் வகுப்பிலமர்ந்து இரண்டாம் வகுப்புக் கணக்கும் அறியாத பிள்ளைக்கு அது பெருந்துணை. ஆனால் அங்குப் பயின்றோர் பெரும்பாலும் நடுநிலை வகுப்பினர், எழுத்தறிந்தோர். சிறுகுழுவில் கற்பிக்கத் துணையாசிரியரும் இருந்தார். முதல் வகுப்புக்கு அதனைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

ஓரிடத்தில் மட்டும் கருவியின் தேவையை யாம் தயக்கமின்றி ஒப்புகிறோம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளிகள் நம் ஒன்றியங்களில் உண்டு. ஒருவர் விடுப்பில் சென்றால் மற்றவர் ஐந்து வகுப்பையும் காக்க வேண்டும். அந்நாளில் நான்கு, ஐந்தாம் வகுப்பினரைத் திரைமுன் அமர்த்தி, அறிவியற் பாடம் ஒன்றைக் காட்டி, அதுபற்றித் தமக்குள் பேசிக் குறிப்பெடுக்குமாறு பணித்துவிட்டு, முதல் வகுப்புப் பிள்ளையின் கைபிடித்து எழுதவைக்க ஆசிரியர்க்கு அரைமணி கிடைக்குமாயின், அத்திரை தன் விலையை மீட்டுவிட்டது. இதனை நுட்பம் அறிந்தோர் சிறு பயன் என எண்ணக்கூடும். இரட்டையாசிரியர் பள்ளியிற் பணிசெய்தார் அவ்வாறு எண்ணார்.

நேர்மாறான நிலையும் நிலவுகிறது. பிள்ளையின் வருகை, தேர்வு, நிலை, நலத்திட்டம் ஆகிய யாவும் செயலியில் ஏற்றப்படல் வேண்டும். இப்பதிவுச் சுமை கற்பிக்கும் நேரத்தை உண்கிறது என ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டுள்ளன. நல்லாசிரியர்க்குப் பவணந்தியார் கூறிய உவமைகளுள் நிறைகோலும் ஒன்று; நிலமும் மலையும் மலரும் ஏனையவை. நிறுத்துக்கொண்டேயிருப்பதற்கு நிறைகோல் மட்டும் போதும். விளைவதற்கு நிலம் வேண்டுமன்றோ. மேலும், ஆசிரியராகாதாரைக் குறிக்க அவர் எடுத்த உவமைகளுள் முடத்தெங்கு என்பது ஒன்று. ஒருவர் நீர்வார்க்க, வளைந்து சென்று அடுத்தவர் மனையிற் காய் சொரியும் தென்னை அது. 2022-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் அமைப்பு 49 நாடுகளின் கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பிள்ளைகளைப் பற்றிய செய்தியைத் திரட்டும் இயல்பின அல்லது திரட்ட வல்லன என அறிவித்தது. சிற்றூர்ப் பிள்ளையின் குரலும் பிழையும் யாருடைய மனையிற் காயாக விழுகின்றன என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. அரசுப் பள்ளிக்குக் கருவி வாங்குவோர்க்கு அதனைக் கேட்கும் கடமையும் உண்டு.

ஆகவே கருவியை நூலின் வரிசையில் வைப்பதே முறை. நூலாயின் அதற்கு ஆராய்ச்சி வேண்டும். ஒரு பாடநூலை அச்சிடுமுன் வல்லுநர் குழு எழுத்தெழுத்தாகப் பார்க்கிறது; அவ்வளவு கண்கள் ஒரு செயலியின்மேற் படுவதை யாம் கண்டிலோம். தமிழ்த்துறைகள் இதிற் புகுதல் வேண்டும். சிறார் செயலிகளின் சொல்லாட்சி, எழுத்தை அறிமுகப்படுத்தும் ஒழுங்கு, ஒலிப்பு, சந்தி ஆகியவற்றை ஆராய்தல் இலக்கணம் கற்றார்க்குரிய பணியே. நூல்களைத் திறனாய்வதற்குப் பக்கங்கள் ஒதுக்கும் நம் ஆய்விதழ்கள், ஆண்டுக்கொருமுறையேனும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் கேட்கும் ஒரு குரலைத் திறனாய்ந்தால் இழுக்கொன்றும் இல்லை.

எடுத்துரைக்கும் அரைப்பங்கிற்குக் கருவியைத் திருப்பும் வழியும் தொலைவில் இல்லை. மயிலத்திற்கு அண்மையிலுள்ள திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுக்கு முற்பட்டவை என்பர் நிலவியலார். நம் பிள்ளைகள் திரையில் வேற்று நாட்டு விலங்கும் பனிமலையும் காண்கின்றனர். ஐந்தாம் வகுப்பினரை ஒருநாள் அங்கு அழைத்துச் சென்று, ஆசிரியரின் கைக்கணினியை அவர் கையிற் கொடுத்து, கண்டதைத் தம் சொல்லால் கூறிப் பதிவு செய்க எனலாம். மரத்தின் வளையத்தை எண்ணுவோர் சிலர். தொட்டுப் பார்த்துக் குளிர்கிறது என்போர் சிலர். இது எப்படிக் கல்லாயிற்று எனக் கேட்டு ஆசிரியரைத் திணறவைப்போர் சிலர். மறுநாள் அப்பதிவை மூன்றாம் வகுப்பினர் முன் திரையில் ஓட்டி, அவர் கேட்கும் வினாவுக்கு ஐந்தாம் வகுப்பினரே விடை கூறட்டும். பாட்டியிடம் கேட்டு மல்லாட்டை விதைக்கும் முறையைப் பதிந்து வரும் பிள்ளைக்கும் அதே திரை இடம் தரும். அப்பதிவின் கீழ் எழுதவேண்டிய சொல் வேர்க்கடலையா, மல்லாட்டையா என்று வகுப்பில் வழக்கெழுமாயின், அன்றைய தமிழ்ப் பாடத்திற்கு வேறு பொருள் தேட வேண்டா.